கடம்பூர் போளியும் கணக்குப் புத்தகத்து ஆரமும்

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்கு ரயில்ல போனீங்கன்னா நடுவுல கடம்பூர் வரும். கரிசல்காட்டு ஊர். வெளியூர்க்காரங்களுக்கு அந்தப் பேரைச் சொன்னதும் ஞாபகம் வர்றது போளிதான். விரிச்சு வச்சா வட்டம், மடிச்சா அரைவட்டம். இன்னைக்கு எபிசோட் போளியைப் பத்தி இல்லை. அந்த வட்டம், அரைவட்டம்ங்கிற சொற்களைப் பத்தி.

நான் பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். இன்ஜினியரிங் சேர்ந்த முதல் வாரம், வகுப்புல 'ஹைபாட்டனியூஸ் எது?'ன்னு என்னை எழுப்பிக் கேட்டாங்க. முழிச்சேன். பக்கத்துல இருந்தவன் நோட்டுல படம் போட்டுக் காட்டின பிறகுதான் தெரிஞ்சது, அது நம்ம கர்ணம்! பித்தாகரஸ் தேற்றத்தைத் தூக்கத்துல கேட்டாலும் நிரூபிச்சுக் காட்டுவேன். ஆனா அன்னைக்கு அந்த வகுப்புக்கு நான் கணக்கே தெரியாதவன். ரொம்ப நாளைக்கு எனக்குத் தமிழ்ச் சொற்கள் மேலதான் கோபம் இருந்தது. அந்தக் கோபத்துலதான் அதுங்களோட கதையைத் தேட ஆரம்பிச்சேன்.

முதல்ல நம்ம சொற்களைப் பாருங்க. வட்டத்தின் மையம் வழியாகக் குறுக்கே போகும் கோடு விட்டம். ஊர்ல ஓட்டு வீட்டுக் கூரையைத் தாங்குற குறுக்குக் கட்டைக்கும் அதே பேர். ஆரம், மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்காலோட சொந்தக்காரன். வில்லும் நாணும் அம்பு விடுற வில்லும் அதில் கட்டிய கயிறும்.

'இதெல்லாம் நாட்டுப்புறமா இருக்கே, இங்கிலீஷ்ல எவ்வளவு கெத்தா இருக்கு'ன்னு தோணுதா? ரேடியஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு ஆரக்கால் என்றும் பொருள். ஆர்க் என்பது வில்லிலிருந்து வந்தது. கார்டு என்பது கயிறு. ஹைபாட்டனியூஸ் கிரேக்கத்தில் 'கீழே இழுத்துக் கட்டியது' என்ற மாதிரியான பொருள் தரும். கர்ணம்? அது வடமொழிச் சொல், அதுக்குக் காது என்றும் பொருள். ஆக, எல்லா ஊர்க்காரங்களும் வீட்டையும் வண்டியையும் உடம்பையும் பார்த்துத்தான் பேர் வச்சிருக்காங்க.

பழைய தமிழ்க் கணக்கு நூல்களில் காரி நாயனாரின் 'கணக்கதிகாரம்' பிரபலமானது. வட்டத்தின் பரப்புக்கு அதில் ஒரு வழி உண்டு: சுற்றளவில் பாதியையும் விட்டத்தில் பாதியையும் பெருக்கு. 14 சென்டிமீட்டர் விட்டமுள்ள போளி என்றால் சுற்றளவு ஏறக்குறைய 44. 22-ஐ 7-ஆல் பெருக்கினால் 154 சதுர சென்டிமீட்டர். நாம பள்ளியில் படிச்ச சூத்திரமும் இதேதான்.

ஆனா நவீனப் பாடப்புத்தகத்துக்கு ஆயிரக்கணக்கில் சொற்கள் வேணும். 1916-ல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் சொற்களுக்காகவே ஒரு சங்கம் வச்சு இதழ் நடத்தினாங்க. அதில் வடமொழி வாடை அதிகம். 1934-ல் கடம்பூருக்குப் பக்கத்திலேயே, திருநெல்வேலியில், இ. மு. சுப்பிரமணிய பிள்ளை முயற்சியில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் தொடங்கியது. 1936-ல் அவங்க நடத்திய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை, மட்டக்களப்புப் பக்கத்து காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர். தமிழும் அறிவியலும் ரெண்டும் தெரிஞ்சவர். 1938-ல் 'கலைச்சொற்கள்' நூல் வெளிவந்தது.

சண்டை அதோட முடியலை. 1940-ல் சென்னை அரசு சீனிவாச சாஸ்திரி தலைமையில் ஒரு குழு அமைச்சது. அது வடமொழிச் சார்பா இருக்குன்னு தமிழ் அமைப்புகள் எதிர்த்தன. ஒரு முக்கோணத்துக்கு என்ன பேர்ங்கிறது அன்னைக்கு அரசியல்! கேள்வி, யாரோட பிள்ளை கணக்கு படிக்கும்ங்கிறதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. நாம வடிவியல்னு சொல்றதை இலங்கையில் கேத்திரகணிதம்னு சொல்றாங்க, அது வடமொழி வழி வந்தது. ஆனா நாம இன்னும் கர்ணம்னு சொல்றப்போ அவங்க செம்பக்கம்னு தமிழ்லயே சொல்றாங்க. நம்ம நாற்கரம் அவங்களுக்கு நாற்பக்கல். நம்ம தொடுகோடு அவங்களுக்குத் தொடலி. பேர் மாறினாலும் முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினா ரெண்டு ஊர்லயும் 180 பாகைதான்.

அப்போ என் கோபம் தப்பான ஆள் மேல. என்கிட்ட சொல் இருந்தது, அறிவும் இருந்தது. ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்குப் போற பாலத்தைத்தான் யாரும் போட்டுத் தரலை. ஒரு பக்கம் தமிழ்ச் சொல், பக்கத்துல இங்கிலீஷ் சொல்னு நாலு பக்கத் தாள் போதும். ஒரு வாரத்துல சரியாயிருக்கும்.

என் அக்கா மகள் இப்போ தமிழ் மீடியத்துல எட்டாவது. போன லீவுல அவளோட நோட்டுல அந்த நாலு பக்கத்தை உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். ரேடியஸ் வந்ததும் சக்கரக் கதையைச் சொன்னேன். 'மாமா, அப்போ அவங்களும் வண்டியைப் பார்த்துத்தான் பேர் வச்சாங்களா?'ன்னு கேட்டா.

ஆமாடா, அவங்களும்தான்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.