அரசு டாக்டரின் 'அப்ரைசல்'

ஒரகடம் கம்பெனிகளில் வருஷம் ஒருமுறை மேலாளர் கூப்பிட்டு 'அடுத்து என்ன ஆகப்போறீங்க'னு கேட்பாங்க. இதுக்குப் பேர் அப்ரைசல். அரசு மருத்துவமனையில் இப்படி யாரும் கேட்கிறதில்ல. ஆனா எங்களுக்கு 'எப்போ பிஜி?'னு ஒரே ஒரு கேள்வி உண்டு. அதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு.

தமிழ்நாட்டில் பல வருஷமா மருத்துவ மேற்படிப்பின் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 50% பணியில் இருக்கும் அரசு டாக்டர்களுக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டாக்டர் கிடைச்சார். அவரே எம்.டி., எம்.எஸ். முடிச்சு அரசு ஆஸ்பத்திரிக்கு ஸ்பெஷலிஸ்டா திரும்பினார். உங்க ஊர் ஜி.ஹெச்.சில் சிசேரியன் நடக்குதுன்னா, அதில் இந்த ஒதுக்கீட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

மருத்துவக் கவுன்சிலின் 2000-ம் ஆண்டு விதிகளோ டிப்ளமோவுக்கு மட்டும்தான் ஒதுக்கீடு தந்தன. எம்.டி., எம்.எஸ்ஸுக்கு, கஷ்டமான இடத்தில் பார்த்த வேலைக்கு ஊக்க மதிப்பெண்: வருஷத்துக்கு 10%, அதிகபட்சம் 30%. 2016-ல் உச்ச நீதிமன்றம் அந்த விதியே செல்லும்னு சொன்னது. 2017-ல் நம்ம 50% போச்சு.

தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் வழக்குப் போட்டது. 31.8.2020-ல், நீதிபதி அருண் மிஸ்ரா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒதுக்கீடு தர மாநிலத்துக்கு அதிகாரம் உண்டுன்னு தீர்ப்பளித்தது. அதே நவம்பரில் சூப்பர் ஸ்பெஷாலிட்டியிலும் 50% அரசாணை வந்தது.

இதெல்லாம் டாக்டருக்கு. 2015-ல் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்த நர்ஸ்களுக்கு ரெண்டு வருஷத்தில் நிரந்தரம்னு சொன்னாங்க. ரெண்டு வருஷம் தாண்டியும் அவங்களில் பலர் கேட்டது 'அடுத்து என்ன படிக்கலாம்'னு இல்ல, 'எப்போ பர்மனென்ட்?'னுதான்.