சிங்கி இறாலை முதன்முதலில் உண்டவர் யார்?

அமெரிக்கக் குடியேற்ற வரலாறு பேசப்படும் இடங்களில் ஒரு கதை தவறாமல் தலைகாட்டும். பதினேழாம் நூற்றாண்டின் நியூ இங்கிலாந்துக் கடற்கரையில் லாப்ஸ்டர், அதாவது நம் கடற்கரை மக்கள் சிங்கி இறால் என்று அழைக்கும் வகை, மலிந்து கிடந்ததாம். அதைத் தின்று சலித்த ஒப்பந்த வேலையாட்கள், வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தங்களுக்கு அதைப் பரிமாறக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார்களாம். சிலர் சொல்லும்போது இரண்டு முறை மூன்றாகும். வேலையாட்கள் சிறைக் கைதிகளாவர். டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் 2004-இல் 'கோர்மே' இதழில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலும் கைதிகள் வடிவம் இடம்பெற்றுள்ளது.

உணவு வரலாற்றாசிரியர்கள் தேடியும் அத்தகைய ஒப்பந்தம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு, இதே கதை இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் சால்மன் மீனைப் பற்றிச் சொல்லப்படுகிறது. அங்கே சலித்துப்போனவர்கள் தொழில் பழகும் சிறுவர்கள். அங்கும் ஆவணம் அகப்படவில்லை. ஊரும் மீனும் மாறியும் கதை மாறாதிருந்தால், அது வாய்மொழியில் பிறந்து வளர்ந்தது என்று கொள்வதே முறை.

ஆனால் கதை பொய் என்று நிறுவுவதோடு நின்றுவிட்டால் நமக்குக் கிடைப்பது குறைவு. அது நம்பப்படுவதற்குக் காரணமான மெய்யான சான்றுகள் சில உள்ளன. அவற்றை மீண்டும் படிக்க வேண்டும்.

முதற்சான்று வில்லியம் பிராட்ஃபோர்டு. பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநராக இருந்தவர். 1623-ஆம் ஆண்டுக் கோடையில் 'ஆன்' என்ற கப்பலில் புதியவர்கள் வந்திறங்கினர். கிழிந்த உடையும் மெலிந்த உடலுமாய் நின்ற பழைய குடியேறிகளைக் கண்டு வந்தவர்களிற் சிலர் அழுதனர் என்று பிராட்ஃபோர்டு பதிவு செய்கிறார். விருந்தினருக்கு அவர்களால் படைக்க முடிந்தவற்றுள் சிறந்தது ஒரு சிங்கி இறாலோ ஒரு துண்டு மீனோதான், உடன் ரொட்டி இல்லை, குடிக்க ஊற்றுநீர். சிங்கி இறால் ஏழையின் உணவு என்பதற்கு இவ்விடமே பெரும்பாலும் காட்டப்படுகிறது. ஆனால் நிதானமாகப் படித்தால் அவருடைய நாணம் எதைப் பற்றியது என்பது தெரியும். ஆங்கிலேயனுக்கு ரொட்டி இல்லாத உணவு உணவாகாது. சோறில்லாமல் கறியை மட்டும் இலையில் வைத்த வீட்டாரின் கூச்சம் அது. இறாலின் மீது அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்லவும் காரணமில்லை. அதே நூற்றாண்டில் ஹாலந்தின் செல்வர்கள், வெள்ளிக்கோப்பைக்கும் உரித்த எலுமிச்சைக்கும் நடுவே சிவந்த சிங்கி இறாலைத் தம் ஆடம்பர ஓவியங்களில் வரையச் செய்துகொண்டிருந்தனர்.

இன்னொன்றும் உண்டு. பிராட்ஃபோர்டின் கையெழுத்துப் படி முழுமையாக அச்சேறியது 1856-இல்தான். சிங்கி இறால் நகரச் செல்வரின் மேசையில் ஏறத் தொடங்கிய காலம் அது. விலை ஏறியபின் வாசிக்கப்பட்ட பழைய வறுமைக் குறிப்பு வேறொரு பொருளில் படிக்கப்பட்டிருக்கும் என்பது என் கருத்து.

இரண்டாம் சான்று இன்னும் முக்கியமானது: 1634-இல் இலண்டனில் வெளியான வில்லியம் வுட்டின் நியூ இங்கிலாந்து நூல். கடல் உயிரினங்களைப் பட்டியலிடும் பகுதியில் அவர் இருபது பவுண்டு எடையுள்ள சிங்கி இறால்களைக் குறிப்பிடுகிறார். மிகுதியாகக் கிடைப்பதால் மதிப்பில்லை, அரிதாகவே உண்ணப்படுகிறது என்கிறார். பூர்வகுடிகள் தூண்டில் இரையாக்குகிறார்கள், வேறு மீன் கிடைக்காதபோது தின்கிறார்கள் என்றும் சொல்கிறார். மேற்கோள் காட்டுவோர் அநேகமாக இங்கே நூலை மூடிவிடுகின்றனர்.

அதே நூலின் பிற்பகுதி பூர்வகுடிப் பெண்களின் உழைப்பைப் பற்றியது. அங்கே காட்சி வேறு. பெண்கள் தலை முழுக நீரில் மூழ்கிச் சிங்கி இறால் பிடிக்கிறார்கள். அது கையைக் கவ்விக் கடிக்கிறது. பெருஞ்சுமையைத் தூக்கிக்கொண்டு மைல்கணக்கில் நடக்கிறார்கள். கோடையில் பரண் கட்டி வெயிலில் உலர்த்துகிறார்கள், ஈ மொய்க்காமலிருக்க அடியில் புகை மூட்டுகிறார்கள், குளிர்காலத்துக்குச் சேமிக்கிறார்கள். மதிப்பற்ற பொருளுக்காக எவரும் பரண் கட்டுவதில்லை. ஒரே ஆசிரியர், ஒரே நூல்: மீன்களைப் பட்டியலிடும்போது அது இரை, பெண்களின் வேலையை விவரிக்கும்போது அது ஆண்டுத் திட்டத்தோடு சேமிக்கப்படும் உணவு. முதற்பகுதியில் பேசுவது, அதைப் புதிதாகக் காண்பவனின் நாக்கு. எப்போதும் உண்டுவந்தவர்களின் சுவை தனியே பதிவாகவில்லை. அவர்களுடைய உழைப்பைப் பற்றிய பேச்சில் வழிதவறி வந்து விழுந்திருக்கிறது.

இழிவு முற்றிலும் கற்பனை என்றும் நான் சொல்லவில்லை. 1876-இல் ஜான் ரோவன் கனடாவைப் பற்றி எழுதுகையில், வீட்டைச் சுற்றிச் சிங்கி இறால் ஓடு கிடப்பது வறுமையின், சீரழிவின் அடையாளமாகப் பார்க்கப்படுகிறது என்கிறார். ஏறக்குறைய அதே காலத்தில் நியூயார்க்கின் டெல்மோனிகோ உணவகத்தில் 'லாப்ஸ்டர் நியூபர்க்' பெரும்புள்ளிகளின் உணவாகிக்கொண்டிருந்தது. நடுவில் நிகழ்ந்தது சுவைப் புரட்சியன்று, போக்குவரத்து மாற்றம். 1840-களில் மெய்ன் மாநிலத்தின் ஈஸ்ட்போர்ட்டில் சிங்கி இறாலைத் தகர டப்பாவில் அடைக்கும் ஆலை தோன்றியது. கடல்நீர்த் தொட்டி கொண்ட படகுகளும், பின்னர் பனிக்கட்டியும் ரயிலும் உயிருள்ள இறாலைத் தொலைவுக்குக் கொண்டுசென்றன. பாறைக்கரையில் குனிந்து பொறுக்கியவனிடம் இழிவாக இருந்தது, முந்நூறு மைலுக்கு அப்பால் அதை முதன்முதலாக ருசித்தவனிடம் பெருமையாயிற்று.

இதை நான் எழுதக் காரணம் இந்தியா. நம் சிங்கி இறால்கள் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. பெரிய கொடுக்கு இல்லை, நீண்ட முள் உணர்கொம்புகள் உண்டு. 1950-களில் உறைந்த வால் பகுதி அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகத் தொடங்கியபின்தான் இவை அரசு அறிக்கைகளில் பெருமளவு இடம்பெறுகின்றன. பின்னர் உயிருடன் விமானத்தில் ஏற்றும் வாணிகம் வந்தது. மும்பைக் கடலின் மணல்வகைச் சிங்கி இறால் இழுவலைகளில் அகப்பட்டு, 1990-களின் நடுவில் ஏறத்தாழ இல்லாமலே போயிற்று. 2003-இல் ஒன்றிய வணிக அமைச்சகம் ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை விதித்தது: குமரிக்கடலின் ஹோமரஸ் இனத்துக்கு 200 கிராம், குஜராத்–மகாராஷ்டிரக் கரையின் பாலிஃபேகஸ் இனத்துக்கு 300 கிராம். கவனிக்க: அது ஏற்றுமதிக்கான எல்லை, பிடிப்புக்கானது அன்று.

ஏற்றுமதிக்கு முன் நம் கரையில் இதற்கு மதிப்பே இல்லை, தூக்கி எறிந்தார்கள் என்று சொல்வோரை நான் அடிக்கடி சந்திக்கிறேன். வுட்டின் முதற்பகுதி மொழி அது. சந்தை விலை இல்லை என்பதும் உண்ணப்படவில்லை என்பதும் ஒன்றாகா. குமரிக் கரையில் சிங்கி இறாலுக்கென்றே நாரால் முடைந்த கூடுகள் இருந்தன; 1961-இலேயே ஆய்வாளர்கள் அவற்றை விவரித்திருக்கிறார்கள். மராத்தியில் 'ஷேவண்ட்' என்ற தனிப்பெயரே உண்டு. எனவே, 1950-க்கு முந்தைய கடற்கரைப் பங்குக் கோயில் கணக்குகள், திருவிதாங்கூர் மீன்வரிப் பதிவுகள், பம்பாய்க் கோளிப் பெண்களின் சந்தைக் குறிப்புகள் ஆகியவற்றில் வேலை செய்யும் நண்பர்கள், கூட்டையோ உலர்த்தலையோ பற்றி ஒரு வரி கண்டாலும் இங்கே பகிருங்கள். 'மீன்' என்ற தலைப்பின்கீழ் மட்டும் தேட வேண்டாம்; பெண்களின் கூலி, சுமை, உப்பு ஆகிய பதிவுகளையும் பாருங்கள்.