ஒரு சாடி, எட்டுக் குழல்கள்

வாற்கோதுமையை முளைகட்டிப் புளிக்கவைத்துத் தம் இல்லத்திலேயே பியர் ஆக்கிய பண்டை மக்கள், அதனை விருந்தினர்க்கு எவ்வாறு வழங்கினர்? பானத்தை அடைத்துவைக்கும் உலோகக் கலமும் அதன் திறப்புக் குழாயும் மிகப் பிற்காலத்தவை. அவர்கள் கண்ட வழியோ எளியது. பியர் நிறைந்த சாடியையே கூடத்தின் நடுவில் வைத்தனர். சுற்றியிருந்தோர் கையில் ஆளுக்கொரு நீண்ட குழலைக் கொடுத்தனர்.

வடிகட்டாத பியரில் உமி மேலே மிதக்கும்; மண்டி அடியிற் படியும். கிண்ணத்தால் முகந்தால் இரண்டுங் கலங்கிவிடும். குழலோ இடைப்பட்ட தெளிவை மாத்திரம் உறிஞ்சும். மெசொப்பொத்தேமியாவின் உருளை முத்திரைகளில் இக்காட்சியை அடிக்கடி காணலாம். ஊர் என்னும் நகரில் 1922 முதல் 1934 வரை அகழ்வு நடத்திய லெனார்ட் வூலி, புவாபி அரசியின் கல்லறையில் விலையுயர்ந்த உலோகத்தாலான குடிகுழல்களையே கண்டெடுத்தார். நாணற்குழல் போதாதோ என நாம் வினவலாம், அரசியர்க்குப் போதாதுபோலும்!

இதனினும் வியப்பான செய்தி காக்கேசியாவின் வடபுறத்திலிருந்து கிடைக்கின்றது. 1897 இல் நிக்கொலாய் வெசெலோவ்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் மைக்கோப் நகரில் ஒரு பெரும் புதைமேட்டை அகழ்ந்தார். அது கி.மு. நான்காம் ஆயிரவாண்டைச் சேர்ந்தது. அங்கே பொன்னாலும் வெள்ளியாலும் ஆன எட்டு மெல்லிய குழல்கள் கிடைத்தன. ஒவ்வொன்றும் ஒரு மீற்றருக்கும் மேற்பட்ட நீளமுடையது. நான்கில் சிறு காளை உருவங்கள் கோக்கப்பட்டிருந்தன. அவற்றைச் செங்கோல்கள் என்றனர் சிலர். விதானத்தின் கால்கள் என்றனர் வேறு சிலர். குழல்களின் நுனியில் நுண்துளைகள் இருந்தும், அவற்றின் பொருள் நூறாண்டுக்கு மேலாகத் தெளிவுபெறவில்லை. 2022 இல் வெளியான ஆய்வொன்றே அத்துளைகளை வடிகட்டி என எடுத்துக்காட்டியது; ஒரு நுனியில் வாற்கோதுமை மாவின் நுண்துகள்களும் அகப்பட்டன. அது புளித்த பானத்தின் எச்சமே என முற்றாக நிறுவுதல் இயலவில்லை. எனினும், அதே புதைமேட்டில் இருந்த பெருஞ்சாடி 32 லீற்றர் கொள்ளும். எண்மர்க்குப் பகிர்ந்தால் தலைக்கு நான்கு லீற்றர். செங்கோல் என்ற கருத்தைக் கைவிட எமக்கு இத்துணைச் சான்று போதும்.

இவ்வழக்கம் அரசர்க்கு மாத்திரம் உரியதன்று. கி.மு. 401 இல் தொடங்கிய தம் படையின் பின்வாங்கலைப் பற்றி எழுதிய கிரேக்கராகிய செனொபன், பனிமூடிய ஆர்மீனிய மலையூர்களை விவரிக்கின்றார். கிணற்று வாய்போன்ற வழியாக ஏணியில் இறங்கிச் செல்லும் நிலத்தடி வீடுகள் அவை. ஆடு மாடுகளும் உள்ளேயே வாழ்ந்தன. அங்கே கலங்களில் வாற்கோதுமைப் பானம் இருந்தது. விளிம்பு மட்டத்திற்குத் தானியம் மிதந்தது. கணுவற்ற நாணற்குழல்கள் சிறிதும் பெரிதுமாகக் கிடந்தன. நீர் கலவாவிடின் பானம் மிகக் கடுமையானதென்றும், பழகியோர்க்கு இனியதென்றும் அவர் குறிப்பிடுகின்றார். குளிரால் நலிந்த படையினர் விரைவிற் பழகியிருப்பர் என நாம் ஊகிக்கலாம்.

குழலும் பொதுச் சாடியும் இன்னும் மறைந்துவிடவில்லை. உகண்டாவிலும் கெனியாவிலும் வாழும் தேசோ மக்கள், நாம் குரக்கன் என வழங்கும் தானியத்தினின்று ‘அஜொன்’ என்னும் பியரை ஆக்குகின்றனர். நடுவே பானையை வைத்து, மண்டிமேல் வெந்நீர் வார்க்கின்றனர். நுனியில் வடிகட்டி பின்னிய நீண்ட குழல்களைச் சுற்றியிருப்போர் பானைக்குள் இடுகின்றனர். பானம் குறையுந்தோறும் மீண்டும் வெந்நீர் வார்க்கப்படும், பேச்சும் தொடரும்.