முதலாளி யார்?

வரலாறு என்றதும் அரசர்களின் பெயர்களையும் போர்களின் ஆண்டுகளையும் மாணவருக்கு ஒப்புவிக்கப் பழகிவிட்டோம். ஏழை உழைப்பாளி ஒருவர் எழுப்பும் கேள்விக்கும் வரலாறு உண்டு என்பதை நாம் நினைப்பதில்லை. அத்தகைய கேள்வி ஒன்றைக் கல்முனைக்குடியில் நாம் கேட்டோம்.

கடற்கரைப் பள்ளியில் சுபுஹுத் தொழுகைக்கான பாங்கொலி அடங்கியதும் அலுவலகம் ஒன்றைக் கூட்டித் துடைக்கப் புறப்படும் தாய் ஒருவர் சொன்னார்: "ஆறு வருசமாக் கூட்டுறன், மனே. மூணு கொந்தராத்துக்காரர் மாறிட்டாங்க. எனக்கு முதலாளி ஆரெண்டு இன்னும் எனக்குத் தெரியா." சேமலாப நிதிக்கென்று அவர் கூலியிலிருந்து பணம் கழிக்கப்படுகிறது. அது நிதியைப் போய்ச் சேர்ந்ததா என்பதை அவர் அறியார்.

அவ்வூரின் கரைவலைத் தொழிலில்கூட இந்த மயக்கம் இல்லை. மடி கரையேறி மீன் விலைப்பட்டதும் வலைக்குச் சொந்தக்காரர் மணலில் நேரே நிற்கிறார். பங்கு குறைந்தால் முகத்துக்கு முன்னே கேட்கலாம். அந்தத் தாய்க்கோ தரை ஒருவருடையது, கூலி மற்றொருவர் கையில். கேட்பதென்றால் யாரிடம் கேட்பது?

இந்த மறைவு இன்று தோன்றியதன்று. மலைநாட்டுத் தோட்டங்களில் துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே பெரிய கங்காணி நின்றார். ஆள் திரட்டி வந்தவர் அவர். முன்பணம் கொடுத்துக் கடனிலே கட்டியவரும் அவரே. வேலைக்கு இறங்கிய ஆட்களின் கணக்குக்கேற்ப அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. 'துண்டு' என்னும் சீட்டில் எழுதிய கடனோடு தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கைமாறினார். 1921ஆம் ஆண்டில் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஆனால் ஆளை ஒருவர் கொடுக்க, உழைப்பை மற்றொருவர் கொள்ளும் ஏற்பாடு அத்துடன் ஒழிந்துவிடவில்லை.

முதுமைக்கான பாதுகாப்பும் எவருடைய தயவிலும் வந்ததன்று. 1947இல் நடந்த பொது வேலைநிறுத்தத்தில் அரசாங்க எழுதுவினைஞர்களும் இறங்கினர். ஜூன் 5ஆம் நாள் கொழும்பில் அவர்களின் ஊர்வலத்தின்மீது பொலிசார் சுட்டனர். கந்தசாமி என்னும் எழுதுவினைஞர் உயிர் துறந்தார். அந்தப் போராட்டத்தில் தலைமை தாங்கியதற்காக வேலை இழந்தவர்களுள் ரி. பி. இலங்கரத்தினா ஒருவர். அவரே 1956இல் தொழில் அமைச்சரானார். அவர் பதவியிலிருந்தபோதே 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் பிறந்தது.

இன்று அந்த நிதிக்குத் தொழிலாளி 8 சதவீதமும் முதலாளி 12 சதவீதமும் செலுத்த வேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் 3 சதவீதத்தை முதலாளியே தம் கையிலிருந்து கொடுக்க வேண்டும். நிரந்தர ஊழியருக்கு மட்டும் உரிய உரிமைகள் அல்ல இவை. தற்காலிக ஊழியரும் துண்டுக் கூலிக்கு உழைப்பவரும் இவற்றில் அடங்குவர். ஆகவே குறை சட்டத்தின் அகலத்தில் இல்லை. முதலாளியைச் சுட்டிக்காட்டும் இடத்திலேதான் குறை இருக்கிறது.

1977க்குப் பின் வந்த திறந்த பொருளாதாரத்தில் துப்புரவும் காவலும் மெல்ல மெல்லக் கொந்தராத்துக்குப் போயின. குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்பது கேள்விப்பத்திரத்தின் நியதி. அலுவலகமோ பணத்தைத் தாமதித்துக் கொடுக்கிறது. சிறு கொந்தராத்துக்காரரும் பல வேளைகளில் கடனாளியே. துடைப்பத்தின் விலையைக் குறைக்க முடியாத அவர், எதிர்த்துக் கேட்க முடியாதவரின் நிதியிலே கை வைக்கிறார். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் 15 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருப்பவரிடம் 5 ஆண்டுகள் உழைத்தவருக்குப் பணிக்கொடை உண்டு என்கிறது. கேள்விப்பத்திரம் மாறும்போதெல்லாம் முதலாளியின் பெயரும் மாறினால் அந்த 5 ஆண்டுகள் என்று நிறையும்? தரை மாறவில்லை, கூட்டுபவரும் மாறவில்லை. ஆறு வருட உழைப்பு மூன்று துண்டுகளாகிவிட்டது.

அரசுக்கு வழி தெரியாது என்று எவரும் கூற முடியாது. 1932இல் வருமான வரி புகுந்த நாள்முதல், தனக்குரியதைப் பெறும் கலையை அரசு நன்கு கற்றிருக்கிறது. 2023 ஜனவரி முதல், ஊழியரல்லாத தனிநபர் ஒருவருக்குக் குறிப்பிட்ட சேவைகளுக்காக மாதம் 100,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பவர், அதில் 5 சதவீதத்தை முன்கூட்டியே பிடித்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் கட்ட வேண்டும். பெறுபவர் பின்னர் நேர்மையாகக் கணக்குக் காட்டுவார் என்று அரசு காத்திருப்பதில்லை. பணம் புறப்படும் இடத்திலேயே பிடித்துக்கொள்கிறது. வரி செலுத்துவது குடிமக்களின் கடமை. அதில் நமக்குப் பிணக்கில்லை. அரசின் பங்கை ஊற்றிலே காக்கத் தெரிந்த கை, கூலிக்காரரின் பங்கைக் கடைமடையில் தேடவிடுவது ஏன் என்பதே நம் கேள்வி.

இந்தியாவில் 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் ஒரு விடை கண்டது. கொந்தராத்துக்காரர் கூலி கொடுக்கத் தவறினால், வேலையைப் பெறும் நிறுவனமே கொடுத்துவிட்டு அவரிடம் கழித்துக்கொள்ள வேண்டும் என்று அது விதித்தது. வருங்கால வைப்பு நிதித் திட்டமும் அவ்வாறே பொறுப்பை அந்நிறுவனத்தின்மீது வைத்தது. அதனால் அங்கே சுரண்டல் அற்றுப்போயிற்று என்று நாம் கூறவில்லை. ஆனால் 'முதலாளி யார்?' என்னும் கேள்விக்குச் சட்டத்தில் ஒரு பெயர் கிடைத்தது. இங்கும் அவ்விதி வேண்டும். கடந்த மாதத்துச் சேமலாபப் பணம் ஒவ்வொரு தொழிலாளியின் பெயரிலும் கட்டப்பட்டதற்குச் சான்று காட்டிய பின்பே கொந்தராத்துக்காரரின் பட்டியலுக்குப் பணம் கொடுக்க வேண்டும். அலுவலகமும் அதைத் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும்.

கேட்டால் கிடைக்குமா என்று ஐயுறுவோர் 2011ஐ நினைக்கட்டும். தனியார் துறை ஊழியருக்கான ஓய்வூதியச் சட்டமூலம் தம் சேமிப்பை விழுங்கிவிடும் என அஞ்சிய கட்டுநாயக்கா ஆலைத் தொழிலாளர், மே 30ஆம் நாள் கிளர்ந்தெழுந்தனர். பொலிசார் சுட்டதில் காயமுற்ற இளைஞர் ரொஷேன் சானக்க ஜூன் 1ஆம் நாள் உயிரிழந்தார். சட்டமூலம் கைவிடப்பட்டது. கந்தசாமிக்கும் சானக்கவுக்கும் இடையே 64 ஆண்டுகள். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். உழைப்பாளியின் உரிமைக்கான போராட்டத்திலேயே இருவரும் வீழ்ந்தனர்.

ஆசிரியர்களே, மாணவர்களே! உங்கள் கல்லூரி வாயிலில் காவல் நிற்பவருக்கும் வகுப்பறையைக் கூட்டுபவருக்கும் சம்பளச் சீட்டு கிடைக்கிறதா என்று கேளுங்கள். அவர்களின் அங்கத்துவ இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, பணம் வந்து சேர்ந்ததா எனத் தொழில் திணைக்களத்தில் விசாரிக்க உடன் செல்லுங்கள். கல்முனைக்குடித் தாயின் கேள்விக்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை.