தீவுக்கு விடை தேடியவர்கள்: ‘லாஸ்ட்’ தொடரும் ரசிகர்களின் ஊகங்களும்

‘லாஸ்ட்’ தொடரின் முதல் அத்தியாயம் 2004 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் கிளம்பிய ஓஷியானிக் 815 விமானம் பெயர் தெரியாத தீவொன்றில் நொறுங்கி விழுகிறது. நடுப்பகுதியில் இருந்தவர்களில் 48 பேர் உயிர் தப்புகிறார்கள். முதல் இரண்டு வாரங்களுக்குள் மரங்களைச் சாய்த்துக்கொண்டு ஏதோ ஒன்று காட்டுக்குள் நடமாடியது. வெப்பமண்டலக் காட்டில் பனிக்கரடி பாய்ந்தது. உதவி கேட்கும் பிரெஞ்சுக் குரலொன்று 16 ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டிருப்பது வானொலிக் கருவியில் தெரியவந்தது. விடையைக் கதாசிரியர்கள் சொல்லும்வரை காத்திருக்கப் பார்வையாளர்களுக்குப் பொறுமையில்லை. ஆளுக்கொரு விளக்கத்தைக் கட்டினார்கள், ஆதாரம் காட்டினார்கள், பிறர் விளக்கத்தைப் பிரித்து மேய்ந்தார்கள். 2010 வரை ஓடிய ஆறு சீசன்களிலும் இந்த ஊகங்கள் தொடருக்கு இணையாக இன்னொரு கதையாகவே வளர்ந்தன.

இந்தப் பழக்கம் ‘லாஸ்ட்’டோடு பிறந்ததல்ல. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளின் தேதிக் குழப்பங்களையும் முரண்களையும் வேதநூலை ஆராய்வதுபோல ஆராய்ந்து ரொனால்ட் நாக்ஸ் 1911இல் கட்டுரை வாசித்தார். பிரிட்டனில் ‘தி ப்ரிஸனர்’ 1967–68இல் ஒளிபரப்பானபோது, கிராமத்தை ஆளும் முதலாம் எண் யார் என்று நாடே கேட்டது. 1990இல் வந்த ‘ட்வின் பீக்ஸ்’ தொடரை வீடியோ கேசட்டில் பதிந்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கொலையாளி யாரென்று கணினி வலையில் விவாதித்தார்கள். ‘லாஸ்ட்’ வந்த காலத்தில் டிஜிட்டல் ரெக்கார்டரும் டிவிடியும் வீடுகளுக்குள் வந்துவிட்டன, இணையமும் பரவிவிட்டது. ரசிகர்களே எழுதிய ‘லாஸ்ட்பீடியா’ என்ற கலைக்களஞ்சியம் 2005இல் தொடங்கியது. ஒரு நொடி தெரிந்து மறையும் புத்தக அட்டையைக்கூட இனி யாரும் தவறவிடப்போவதில்லை என்ற நிலை வந்தது. கதாசிரியர்களும் அதைத் தெரிந்துகொண்டே எழுதினார்கள்.

முதலில் பரவிய ஊகம் மரணத்தைப் பற்றியது. விபத்தில் அனைவரும் இறந்துவிட்டார்கள். தீவு என்பது கத்தோலிக்கர்கள் சொல்லும் உத்தரிக்கிற ஸ்தலம். பாவக் கணக்கு தீர்ந்தவர்கள் ஒவ்வொருவராக விடைபெறுகிறார்கள் என்பது அதன் சாரம். டேமன் லிண்டலாஃப் உள்ளிட்ட தயாரிப்பாளர்கள் தொடக்கத்திலேயே இதை மறுத்தார்கள். மறுப்பு எடுபடவில்லை. இரண்டாம் சீசனில், தீவின் நிலவறையொன்றில் வாழ்ந்த டெஸ்மண்ட் அவசரமாக மூட்டை கட்டும்போது ஐரிஷ் எழுத்தாளர் ஃப்ளான் ஓ’பிரையனின் ‘தி தேர்ட் போலீஸ்மேன்’ நாவல் கண்ணில் பட்டது. கதை சொல்பவன் செத்தவன் என்பது கடைசியில்தான் தெரியவரும் நாவல் அது. 1967இல் அச்சான அந்தப் புத்தகம் சில வாரங்களில் ஆயிரக்கணக்கில் விற்றது. மரண ஊகமும் புத்துயிர் பெற்றது.

ரசிகர்களின் உழைப்பு உச்சத்தைத் தொட்டது 2006 மார்ச் 29 அன்று வந்த அத்தியாயத்தில். அந்த நிலவறைக்குள் இரும்புக் கதவு இறங்கி, உயிர் தப்பியவர்களில் ஒருவரான லாக்கின் காலை நசுக்கிப் பிடிக்கிறது. விளக்குகள் அணைந்து புற ஊதா ஒளி எரிகிறது. கதவின் உட்பக்கத்தில் யாரோ கையால் வரைந்த வரைபடம் சில நொடிகள் மின்னி மறைகிறது. ரசிகர்கள் அந்தக் காட்சியைப் படமாக எடுத்து, வெளிச்சத்தைக் கூட்டி, மங்கலான கிறுக்கல்களை எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். லத்தீன் தெரிந்தவர்கள் லத்தீன் வரிகளை மொழிபெயர்த்தார்கள். தீவில் முன்பு ஆய்வு நடத்திய தர்மா நிறுவனத்தின் நிலையங்கள் சுற்றிலும் குறிக்கப்பட்டிருக்க, நடுவில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது. அங்கே இன்னொரு நிலையம் இருக்க வேண்டும் என்ற கணிப்பு, மே மாதம் வந்த அத்தியாயத்தில் பலித்தது.

எண்களின் கதை வேறு. 4, 8, 15, 16, 23, 42 என்ற ஆறு எண்களை வைத்து, உயிர் தப்பியவர்களில் ஒருவனான ஹர்லி லாட்டரியில் கோடிகளை வெல்கிறான். அதே எண்கள் நிலவறையின் மூடியிலும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கூட்டினால் 108. நிலவறைக் கணினியில் அந்த எண்களை 108 நிமிடங்களுக்கு ஒருமுறை அடித்தாக வேண்டும். இந்து, பௌத்த மரபுகளில் 108க்கு உள்ள இடமும், தர்மா பயிற்சிப் படத்தில் வரும் ‘நமஸ்தே’யும் சேர்ந்து ஏராளமான ஊகங்களுக்கு வித்திட்டன. 2006இல் தொடருக்கு வெளியே நடந்த இணைய விளையாட்டில், மனிதகுலம் அழியும் காலத்தைக் கணிக்கும் சமன்பாட்டின் மாறிலிகள் இவை என்றார்கள். கடைசி சீசனோ இவை தீவைக் காக்கத் தகுந்தவர்களின் வரிசை எண்கள் என்றது. இரண்டு விடையும் கேள்வியின் உயரத்துக்கு வரவில்லை. இருந்தும் எண்கள் மறையவில்லை: 2011 ஜனவரியில் அமெரிக்காவின் மெகா மில்லியன்ஸ் குலுக்கலில் இவற்றில் நான்கு விழ, இந்த எண்களையே கட்டிவந்த ஆயிரக்கணக்கானோருக்குத் தலா 150 டாலர் கிடைத்தது.

காலப்பயணம் பற்றிய ஊகம்தான் மிகுந்த நிதானத்தோடு கட்டப்பட்டது. 2007 பிப்ரவரி தொடக்கத்தில் தீவின் காவலாளி ஒருவன் ஸ்டீஃபன் ஹாக்கிங்கின் காலம் பற்றிய புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரமே டெஸ்மண்டின் நினைவு 1996ஆம் ஆண்டு லண்டனுக்குத் திரும்பியது. அங்கே நகைக்கடை மூதாட்டி ஒருத்தி சிவப்புக் காலணி அணிந்த வழிப்போக்கனைக் காட்டுகிறாள்; சாரம் சரிந்து அவன் சாகிறான். இன்று தடுத்தாலும் அவன் சாவு வேறொரு வழியில் வந்தே தீரும் என்கிறாள். அவள் பெயர் ஹாக்கிங். 2007 ஜூலையில் சான் டியாகோ காமிக்-கான் விழாவில் தர்மா நிறுவனத்தின் படத்துண்டு ஒன்று திரையிடப்பட்டது. அதில் 15 என்று எண்ணிட்ட முயல் ஒன்று இரண்டாகத் தோன்ற, ஆய்வாளர்கள் பதறுகிறார்கள். ஒரே முயல் இரு காலங்களிலிருந்து ஒரே இடத்துக்கு வந்திருக்கிறது என்று ரசிகர்கள் வாதிட்டார்கள். 2008இல் ஃபாரடே என்ற இயற்பியலாளன் எலியின் நினைவைக் காலத்தில் முன்னே அனுப்பிக் காட்டினான். 2009இல் ஐந்தாம் சீசன் பாத்திரங்களை 1977க்கே கொண்டுபோனது. ‘எண்டர்டெயின்மெண்ட் வீக்லி’யில் வாராவாரம் நீண்ட ஊகக் கட்டுரைகள் எழுதிய ஜெஃப் ஜென்சன், பின்னாளில் லிண்டலாஃபுடன் சேர்ந்து ‘டுமாரோலேண்ட்’ படத்தின் கதையில் பங்கேற்றார்.

காலப்பயணம் உறுதியானதும் பழைய புதிர்கள் புது வெளிச்சம் பெற்றன. முதல் சீசனின் ஆறாம் அத்தியாயத்தில் குகைக்குள் இரு எலும்புக்கூடுகள் கிடைக்கும். அருகே கறுப்பும் வெள்ளையுமாக இரு கற்கள். துணி மக்கியிருப்பதைப் பார்த்து 40, 50 ஆண்டுகள் ஆகியிருக்கும் என்பார் மருத்துவர் ஜாக். 1970களுக்குப் போய்ச் சிக்கிய நம் ஆட்களில் இருவர்தான் அவர்கள், ரோஸும் பெர்னார்டும் என்று ஒரு சாரார் நம்பினார்கள். கணக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. 2010 மே 11 அன்று வந்த விடை வேறு: பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு தாயும் அவள் வளர்த்த மகனும். ஜாக் சொன்ன கணக்கு காற்றில் போனது. இங்கே கதையைவிட ரசிகர்களின் ஊகமே கதைக்கு நேர்மையாக இருந்தது.

ஐந்தாம் சீசன் ஹைட்ரஜன் குண்டு வெடித்த வெண்மையான திரையோடு முடிந்தது. விமானம் விழாமல் தரையிறங்கும் இன்னொரு வாழ்க்கையை ஆறாம் சீசன் காட்டியபோது, குண்டு உண்டாக்கிய இணை உலகம் அது என்றே பலரும் எண்ணினார்கள். 2010 மே 23 அன்று வந்த இறுதி அத்தியாயம், இறந்தவர்கள் ஒன்றுகூடும் இடம் அது என்றது. பெயர்ப் பட்டியல் ஓடும்போது, ஆளில்லாத கடற்கரையில் கிடக்கும் விமானச் சிதைவுகளை ஏபிசி காட்டியது. பார்வையாளர்கள் சற்று ஆசுவாசப்படுவதற்காகச் சேர்த்த காட்சிகள் அவை. தொடக்கத்திலேயே எல்லோரும் செத்துவிட்டார்கள் என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலமாகப் பலர் அவற்றை எடுத்துக்கொண்டார்கள். தொலைக்காட்சி நிறுவனம் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. தீவில் நடந்தவை யாவும் நடந்தவையே என்று கடைசிக் காட்சியிலேயே வசனம் இருந்தும், அந்த முதல் ஊகம் இன்றுவரை உயிரோடிருக்கிறது.

ஊகங்கள் இத்தனை தழைத்ததற்கு ஒளிபரப்பு முறையும் காரணம். அத்தியாயங்களுக்கிடையே ஒரு வாரமும் சீசன்களுக்கிடையே மாதங்களும் கிடைத்தன. எத்தனை ஆண்டு ஓடும் என்று தெரியாததால் கதாசிரியர்கள் புதிர்களை அடுக்கிக்கொண்டே போனார்கள். 2007 மே மாதம் தொடர் 2010இல் முடியும் என்று ஏபிசி அறிவித்த பிறகுதான் விடைகள் வரத் தொடங்கின. பத்தாண்டுகள் கழித்து அதே இடத்தைப் பிடித்த ஜெர்மன் தொடர் ‘டார்க்’ மாறாக நடந்தது. பாரன் போ ஒடார், யான்ட்யே ஃப்ரீஸே இருவரும் 2017இல் தொடங்கிய அந்தக் காலப்பயணக் கதை மூன்று சீசன்களோடு முடியும் என்பதை இரண்டாம் சீசன் வெளிவருமுன்பே அறிவித்துவிட்டார்கள். நெட்ஃபிளிக்ஸில் ஒரு சீசன் முழுவதும் ஒரே நாளில் வந்ததால், ரசிகர்கள் சீசன்களுக்கிடையேயான இடைவெளிகளில், கதை நடக்கும் வின்டன் ஊர்க் குடும்பங்களின் வம்சாவளி மரங்களை வரைந்து யார் யாருக்குத் தாய் என்று தேடினார்கள்.