மயிலுக்குப் போர்வை, டாலியாவுக்கு பெட்ஷீட்

கால்கரியில் செப்டம்பர் பிறந்தாலே எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். ஊரில் இந்நேரம் புரட்டாசி விரதம், கொலு பொம்மைக்குத் தூசு தட்டுவது என்று இருப்பார்கள். இங்கே வானிலை அறிக்கையில் "இன்றிரவு உறைபனி" என்று ஒரு வரி வரும். அவ்வளவுதான். நாலு மாதம் பிள்ளை மாதிரி வளர்த்த தக்காளி, அவரை, டாலியா எல்லாம் விடிந்தால் வேகவைத்த கீரை மாதிரித் தொங்கும். இங்கே முதல் உறைபனி சராசரியாகச் செப்டம்பர் நடுவிலேயே வந்துவிடும். ரொறன்ரோ பக்கம் இருக்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

போன புதன்கிழமை அந்த வரி வந்தது. ஆபீஸ் விட்டு வந்ததும் வராததுமாகப் பழைய பெட்ஷீட், வேட்டி, மூங்கில் குச்சி சகிதம் தோட்டத்தில் இறங்கினேன். தங்கமணி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பேகன் மயிலுக்குப் போர்வை குடுத்தாரு. நீங்க டாலியாவுக்கு நம்ம கல்யாண பெட்ஷீட்டைக் குடுக்கறீங்க. பேரு நிக்குமுங்க" என்றார். டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மகள் கேட்டாள்: "அப்பா, உங்க ஊர்லயும் இப்படித்தான் மூடுவாங்களா?"

"இல்லம்மா, எங்க ஊர்ல பனியே உறையாது" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். படுத்த பிறகுதான் உறைத்தது, தப்பாகச் சொல்லிவிட்டோமே என்று. அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில்தான் இந்தப் பதிவு.

என் ஊர் அகளி. கோவையில் இருந்து ஆனைகட்டி தாண்டினால் வரும் அட்டப்பாடி. ஜில்லா பாலக்காடு, பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ், மலைச்சரிவில் இருளர், முதுகர், குறும்பர் பேச்சு. ஊர் உயரம் குறைவு. மார்கழியில் தலையில் துண்டைக் கட்டினால் குளிர் போய்விடும். ஆனால் வடக்கே பார்த்தால் சுவர் மாதிரி ஒரு மலை நிற்கும். அது நீலகிரி. எங்கள் பக்கம் ஓடி, கிழக்கே திரும்பித் தமிழ்நாட்டுக்குள் போகிற பவானி பிறப்பது அந்தச் சுவருக்கு மேலே, புல்வெளி உறைந்து வெள்ளையாகிற உயரத்தில். பனி உறையாத ஊர்தான், ஆனால் நாங்கள் குடித்தது உறைபனி நாட்டுத் தண்ணீர்.

அந்த மேல்நாட்டில் என் மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் தினக்கூலி. அஞ்சாவது படிக்கும்போது அரைப் பரீட்சை லீவுக்கு அவரிடம் போனேன். ஆனைகட்டி, கோவை, மேட்டுப்பாளையம், குன்னூர் என்று பஸ் மாறி மாறி, வழியெல்லாம் வாந்தி. மறுநாள் விடியற்காலை என்னையும் பூங்காவுக்குக் கூட்டிப்போனார். பெரிய புல்வெளி முழுக்க யாரோ கோலமாவைக் கொட்டிவிட்ட மாதிரி வெள்ளை. பாத்திகளில் செடியே தெரியவில்லை. வரிசையாகச் சுள்ளிக் குடிசைகள்.

"இது மிலாரு கண்ணு. கோத்தகிரிப் பக்கமிருந்து வருது. சாயந்திரம் பனிக்கு இதுதான் போர்வை" என்றார். பிறகு ஆட்கள் எல்லாரும் வெயில் வருவதற்கு முன்னாலேயே புல் மேல் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தார்கள். குளிரில் எதற்குத் தண்ணீர் என்று கேட்டேன். "பனி செடியக் கொல்றதில்ல கண்ணு. அதும்மேல சுள்ளுனு அடிக்கிற வெயில்தான் கொல்லுது" என்றார்.

பாதி உண்மை என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். இலைக்குள் நீர் உறைந்து திசு கிழிவதுதான் முதல் அடி. உறைந்த இலை மேல் திடீரென வெயில் படுவது அடுத்த அடி. அந்த இரண்டாவது அடியை வாங்காமல் தடுக்க முடியும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரி ஏறினார். 1820களில் ஊட்டியில் வீடு கட்டினார், ஓடையை மறித்து ஏரி வெட்டினார். பின்னாலேயே வந்த வெள்ளைக்காரர்களுக்குத் தங்கள் ஊர்க் காய்கறி வேண்டியிருந்தது. ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு ஒரு தோட்டம் நடத்திப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. 1847இல் சென்னை கவர்னர் ட்வீடேல் பிரபுவின் ஆதரவில் அது தாவரவியல் பூங்காவாக மாறியது. 1848இல் லண்டன் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரகாம் மெக்ஐவர் பொறுப்பேற்றார். அவருக்குக் கிடைத்த இடத்தின் மேல்பகுதி காடு, கீழ்ப்பகுதி சதுப்பு. அதை ஒழுங்குபடுத்தவே சுமார் பத்து வருடம் ஆனது.

அந்தச் சதுப்பு என்ற சொல்லைக் கவனியுங்கள். உறைபனிக்குப் பிடித்த இடம் அதுதான். மேகமில்லாத, காற்றில்லாத ராத்திரியில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, தண்ணீர் மாதிரியே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் வருடத்தில் இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கு வருகிற 11 டிகிரி அட்சரேகையில், ஏழாயிரம் அடி உயரத்தில், பகலில் 20 டிகிரி வெயில் அடிக்கிற ஊரில், விடியற்காலை தலைக்குந்தாவும் காந்தலும் குதிரைப் பந்தய மைதானமும் வெளுக்கின்றன. ஊட்டியில் சாதாரணமாக நவம்பர் முதல் பிப்ரவரி வரை இந்தக் கூத்து. முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி என்று இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள் மலைக்காரர்கள்.

மற்ற தமிழர்களுக்கு எல்லாமே பனிதான். புல் நுனித் துளி, காலை மூட்டம், இங்கே முழங்கால் வரை கொட்டுவது, எல்லாம். ஆனால் நேரக்கணக்கு நம்மிடம் துல்லியம். ஆறு பருவத்தில் இரண்டைப் பனிக்குக் கொடுத்தவர்கள் நாம்: மார்கழி, தை முன்பனி, மாசி, பங்குனி பின்பனி. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பாள் என் பாட்டி. பேகன் ஆண்டதாகச் சொல்லும் மலையும் பழனி மலைதான். அதே தொடரின் மேலே இருக்கும் கொடைக்கானலில் இன்றைக்கும் உறைபனி விழுகிறது. மயிலுக்குக் குளிருமென்று அவருக்குத் தோன்றியதில் எனக்கு இப்போதெல்லாம் ஆச்சரியமே இல்லை.

மெக்ஐவர் கெட்டிக்காரர், சந்தேகமில்லை. 1860இல் கிளெமெண்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவில் இருந்து கொண்டுவந்த சின்கோனாவை, அதாவது கொய்னா மரத்தை, நீலகிரியில் வேர்பிடிக்க வைத்தவர். செம்பட்டை வகை கொஞ்சம் தாழ்வான நடுவட்டத்தில் நன்றாக வந்தது. குளிர் தாங்கும் இன்னொரு வகைக்குத் தொட்டபெட்டா உயரம் ஒத்துக்கொண்டது. பட்டையை உரித்த இடத்தில் பாசி வைத்துக் கட்டினால் புதுப்பட்டை வளரும் என்று கண்டுபிடித்தவரும் அவரே. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பாசியைக் கட்டிய கை யாருடையது, மிலாரைச் செருகிய கை யாருடையது என்று தேடினால் "கூலிகள்" என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். செடியை யார் கொண்டுவந்தார் என்பது சரித்திரம். ஒவ்வொரு சாயங்காலமும் மூடி, ஒவ்வொரு காலையும் திறந்து அதைச் சாகாமல் வைத்திருந்தது யார் என்பதற்குக் கணக்கே இல்லை. என் மாமா அந்த நீண்ட வரிசையில் கடைசியில் எங்கோ நின்றவர்.

இதே கதைதான் இலங்கையில் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஹக்கலையிலும். 1861இல் சின்கோனாவுக்காகத் தொடங்கிய தோட்டம் அது. அந்த மலைகளிலும் தைப்பனி புல்லை வெளுக்கும். அங்கும் தேயிலையைக் காத்தது மலையகத் தமிழர் கைகள்.

எங்கள் கேரள எல்லையில் மூணாறு. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரசரிடம் குத்தகை வாங்கிய மலை. 1880இல் தேயிலை, 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி. மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளில் இருந்து போடி வழியாக மலையேறிய நம் ஜனங்கள், அதுவரை வெயிலைத் தவிர வேறெதற்கும் பயந்திராதவர்கள், உறைபனியை அங்கேதான் முதலில் பார்த்திருப்பார்கள். சுற்றுலாப் பயணிக்கு உறைபனி போட்டோ. கொழுந்து எடுப்பவருக்கு அது சம்பளம். ஒரு ராத்திரி விழுந்தால் தேயிலை காப்பிப்பொடி நிறத்துக்குக் கருகும். மறுபடி துளிர் வர வாரக்கணக்கில் ஆகும். கூடுதல் கொழுந்துக்குக் கிடைக்கும் காசு அதுவரை கிடையாது. 2019 ஜனவரியில் செண்டுவரை, லட்சுமி எஸ்டேட் பக்கமெல்லாம் தொடர்ந்து பல நாள் உறைந்து, ஏராளமான தேயிலை கருகியது. அத்தனை மலைக்கும் பெட்ஷீட் போட முடியுமா?

குளத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் வீட்டிலும் குட்டியாக ஒன்று இருப்பதால். நம் சமவெளி ரோகு, கட்லா மீன்களுக்கு ஊட்டி ஏரிக் குளிர் ஆகாது. அதனால் 1939இல் இலங்கையில் இருந்து கண்ணாடிக் கெண்டையைக் கொண்டுவந்து நீலகிரியில் விட்டார்கள். உடம்பில் பெரிய பெரிய செதில் மினுங்கும் ஜாதி. இங்கே தோட்டக் குளங்களில் விடுகிற கோய் மீனுக்கு நெருங்கிய சொந்தம். தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனம். அதனால் மேலே பனிக்கட்டி மூடினாலும் ஆழமான குளத்தின் அடியில் 4 டிகிரித் தண்ணீர் தங்கும். கெண்டை அங்கே போய் அசையாமல் குளிர்காலத்தைக் கழிக்கும்.

இத்தனை மூடலுக்கும் காத்தலுக்கும் நடுவில், மூடவே தேவையில்லாத ஒரு தோட்டம் அந்த மலையில் முன்பே இருந்தது. சோலையும் புல்வெளியும். பள்ள மடிப்பில் சோலைக்காடு, சுற்றிலும் புல். புல்வெளியில் மரம் ஏன் முளைப்பதில்லை என்ற கேள்விக்கு 1938லேயே வன அதிகாரி சி.ஆர். ரங்கநாதன் சொன்ன பதில், உறைபனி. சோலை மரத்தின் கன்று திறந்த புல்வெளியில் பனி தாங்காது. உள்ளே, பெரிய மரங்களின் போர்வைக்குக் கீழே மட்டும் பிழைக்கும். 2020இல் வெளிவந்த பெங்களூரு ஆய்வாளர்களின் நீலகிரி ஆய்வும் இதை உறுதி செய்தது. புல்லில் தனியாகத் துணிந்து நிற்பது சிவப்புப் பூ பூக்கும் காட்டுப் பூவரசு ஒன்றுதான். தோடர்களும் பனியோடு சண்டைக்குப் போகவில்லை. குனிந்து தவழ்ந்து நுழையும் வாசல் வைத்துப் புல் வேய்ந்தார்கள். வறண்ட மாதங்களில் பசும்புல் உள்ள குந்தா மாதிரியான பக்கங்களுக்கு எருமைகளை ஓட்டிப்போனார்கள். குந்தாவின் மறுபுறம் இறங்கினால் எங்கள் அட்டப்பாடி.

அந்தப் புல்வெளியை வெற்றிடம் என்று நினைத்தவர்கள் 1840களில் இருந்து தைல மரமும் சீகை மரமும் நட்டுத் தள்ளினார்கள். சீகைக் கன்று சோலைக் கன்றை விடப் பனி தாங்கும் என்கிறது அதே ஆய்வு. பூமி சூடேறி உறைபனி குறைந்தால் புல்வெளியை அது இன்னும் வேகமாக விழுங்கும். செடியைக் கொல்கிறது என்று நாம் திட்டுகிற அதே பனிதான் அந்தப் புல்லுக்கு வேலி. பவானி ஊறுவது அந்தப் புல்லில்.

சரி, மகளுக்கு என்ன சொன்னேன்? சனிக்கிழமை அவளைக் கூட வைத்துக்கொண்டு மாமா செய்ததையே செய்தேன். செய்தியில் 2 டிகிரி என்றாலும் மூடு. அது ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே அளந்த சூடு, புல் மட்டத்தில் இன்னும் குறைவு. மதியமே மண்ணை நனைத்து வை, ஈர மண் சூட்டைப் பிடித்து வைக்கும். துணி இலையைத் தொடாமல் குச்சி நட்டு, ஓரத்தைத் தரை வரை இழுத்துவிடு. நாம் பிடிக்கப் பார்ப்பது தரையின் சூட்டைத்தான். காலையில் எடுத்துவிடு. குளத்தின் மேல் வலை கட்டு, இலை விழுந்து அழுகாமல். தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் மீனுக்குத் தீனி நிறுத்து. எங்கள் குளம் ஒன்றரை அடிதான், அடி வரை உறைந்துவிடும் என்பதால் ஆறு தங்கமீன்களும் பேஸ்மெண்ட் தொட்டிக்குக் குடிபோய்விட்டன.

வடக்கு ஓரப் பாத்தியை மட்டும் இந்த வருடம் இந்த ஊர்ப் புல்லுக்கும் பூக்களுக்கும் விட்டுவிட்டோம். அதற்குப் போர்வை கிடையாது. தேவையும் இல்லை.

மூடி முடித்து உள்ளே வரும்போது மகள் கேட்டாள்: "அப்பா, அந்தத் தாத்தா பேரென்ன?" சொன்னேன். திருப்பித் திருப்பி இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பூங்காவின் எந்தக் கல்வெட்டிலும் இல்லாத பேர். எங்கள் வீட்டிலாவது இருக்கட்டும்.