அப்பாவின் போனில் இருக்கும் ஓட்டை

ஷார்ஜாவின் முவைலா இன்று பள்ளிகளின் பேட்டை. விடிந்ததும் பள்ளிப் பேருந்துகள் வரிசை கட்டும். அதே நேரத்தில் பெற்றோரின் கார்கள் நேஷனல் பெயிண்ட்ஸ் சந்திப்பு அருகே துபாயை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும். தாயும் தகப்பனும் வேலைக்குப் போகும் வீடுகளில், பள்ளி விட்டு வந்த பிள்ளைக்கு மாலைவரை துணை வைஃபைதான். பிள்ளைகள் இணையத்தில் எதைப் பார்க்கலாம் என்பதைப் பெற்றோர் கட்டுப்படுத்தலாமா என்ற கேள்வி இன்று எல்லா ஊரிலும் எழுகிறது. ஆனால் அமீரகத்தில், பெற்றோர் அதைக் கேட்டுப் பார்க்கும் முன்பே அரசு பதிலைச் சொல்லிவிட்டது. அந்தப் பதிலை நம்பிப் பெற்றோர் தங்கள் பொறுப்பைத் தளர்த்திக்கொண்டார்கள் என்பதே இங்கே இணையம் வந்த முப்பதாண்டு வரலாற்றிலிருந்து எனக்குத் தெரிவது.

எதிஸலாத் தொலைத்தொடர்பு நிறுவனம் 1995இல் இங்கே பொதுமக்களுக்கு இணையத்தைக் கொடுத்தது. கொஞ்ச காலத்திலேயே தளங்களைத் தடுக்கும் வடிகட்டியும் வந்தது. யாருக்கும் அது பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்காது. வளைகுடாவுக்கு வந்த வெளிநாட்டு இதழ்களின் படங்கள்மீது கறுப்பு மை பூசப்பட்ட காலத்தைப் பார்த்தவர்கள் இங்கே வாழ்ந்தவர்கள். அச்சு, வெளியீட்டுச் சட்டமே 1980இல் வந்துவிட்டது. எல்லையில் நிறுத்திச் சோதித்து உள்ளே விடும் அந்தப் பழைய வழக்கம் இணையத்துக்கும் நீண்டது. அப்போது நாடு முழுவதற்கும் ஒரே நிறுவனம் என்பதால் வேலையும் சுலபம். தடை செய்த தளத்தைத் திறந்தால் ஓர் அறிவிப்பு வரும்: நாட்டின் சமய, பண்பாட்டு, அரசியல், ஒழுக்க விழுமியங்களுக்கு ஒவ்வாததால் தளம் தடுக்கப்பட்டிருக்கிறது என்று, அதுவும் வருத்தம் தெரிவித்து! பிள்ளைகளைக் காக்கும் ஏற்பாடும் அரசியலைத் தடுக்கும் ஏற்பாடும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிட்டன. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் நாற்பது வயதுத் தகப்பனுக்கும் ஒரே வடிகட்டி.

இந்த வரலாற்றில் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 2008 ஏப்ரல் வரை அமீரகத்தில் இரண்டு இணையங்கள் இருந்தன. துபாய் இன்டர்நெட் சிட்டி போன்ற வணிக மண்டலங்களுக்கும், எமிரேட்ஸ் ஹில்ஸ் போன்ற புதிய குடியிருப்புகளுக்கும் வேறு வழியாக வந்த இணையத்தில் வடிகட்டி கிடையாது. இரண்டாவது தொலைத்தொடர்பு நிறுவனமான டூ தடையை அமல்படுத்திய பிறகுதான் அங்கும் நிலைமை மாறியது. அதுவரை வில்லாக்களில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் திறந்த இணையம், ஷார்ஜாவின் அடுக்குமாடிகளில் வளர்ந்தவர்களுக்கு வடிகட்டிய இணையம். முன்னவர்கள் கெட்டுப்போனார்கள், பின்னவர்கள் தேறினார்கள் என்று காட்டும் ஆதாரம் எதையும் நான் கண்டதில்லை. வடிகட்டியால் பயனே இல்லை என்று சொல்லவரவில்லை. ஏழு வயதுப் பிள்ளை தவறான எழுத்தைத் தட்டி ஆபாசத் தளத்தில் போய் விழாமல் அது காக்கிறது. தேடிப் போகிற பதினைந்து வயதை அது காப்பதில்லை.

ஏன் காப்பதில்லை என்பதற்குத் தமிழ் வீடுகளிலேயே விடை இருக்கிறது. அதே வடிகட்டி ஸ்கைப்பையும் வாட்ஸாப் அழைப்பையும் தடுத்தது. ஊரில் இருக்கும் அப்பத்தாவின் முகத்தைப் பார்த்துப் பேச வழியில்லாமல் பலர் தடையைச் சுற்றிப் போகும் விபிஎன் செயலியைப் போட்டுக்கொண்டார்கள். விபிஎன் போன்ற வழியில் மோசடியான இணைய முகவரியைக் கொண்டு குற்றம் செய்தால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று 2016இல் சட்டம் இறுகியது. 2018இல் போட்டிம் போன்ற அழைப்புச் செயலிகளுக்கு மாதம் 50 திர்ஹாம் கட்டணத்தில் அனுமதி கிடைத்தது. என்றாலும் விபிஎன் போன வீடுகளைவிட அது தங்கிவிட்ட வீடுகளே அதிகம் என்று நினைக்கிறேன். அப்பத்தாவோடு பேசத் திறந்த வழியில் வடிகட்டி தடுத்த மற்ற எல்லாமும் சேர்ந்தே வரும். அப்பாவின் போனை இரவலாக வாங்கும் பிள்ளைக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை போதும்.

அரசின் வடிகட்டி போதாது என்றால் பெற்றோர்தான் கட்டுப்படுத்த வேண்டும். இதற்கு இரண்டு எதிர்வாதங்கள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு தலைமுறையும் இப்படித்தான் பயந்தது என்பது. உண்மைதான். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிய நாவல்களை இளையோர் படிப்பதைக் கண்டு அன்றைய பெரியவர்கள் பதறினார்கள். இன்று அந்தப் பதற்றம் வேடிக்கையாகத் தெரிகிறது. ஆனால் தன்னைப் படிப்பவர் யாரென்று நாவலுக்குத் தெரியாது. நள்ளிரவில் அது பிள்ளைக்குச் செய்தி அனுப்பாது. முன்பின் தெரியாத ஆளை நண்பன் என்று கூட்டிவராது. இன்றைய ஆபத்து பெரும்பாலும் தகவலில் இல்லை, தொடர்பில் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 3 அன்று டிக்டாக் பதிவிறக்கத்தைத் தடுக்க உத்தரவிட்டபோது, பிள்ளைகள் அறியாதவர்களிடம் சிக்கும் அபாயத்தையும் காரணமாகச் சொன்னது. மூன்றே வாரத்தில் தடை விலகியது. தடை இருந்த நாட்களிலும், ஏற்கெனவே செயலியை வைத்திருந்தவர்கள் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது: அறிவது பிள்ளையின் உரிமை. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 17ஆவது பிரிவு, பல மூலங்களிலிருந்தும் தகவல் பெறும் உரிமையைப் பிள்ளைக்குத் தருகிறது; தீங்கானவற்றிலிருந்து காக்கும் நெறிகளையும் அதே பிரிவு கேட்கிறது. 1997இல் உடன்படிக்கையை ஏற்ற அமீரகம், தன் சட்டங்களுக்கு உட்பட்டே இந்தப் பிரிவை ஏற்பதாகக் குறிப்பெழுதி வைத்தது. உரிமையின் பக்கம் நிற்பவர்கள் சொல்வதை நான் பாதிக்கு மேல் ஏற்கிறேன். உடல், நோய், மதம், அரசியல், சாதி பற்றிப் பதினாலு வயதுப் பெண் தேடிப் படிப்பதைத் தடுக்கும் பெற்றோர் அவளைக் காக்கவில்லை. அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து கோவைக்கோ சென்னைக்கோ கல்லூரி விடுதிக்குப் போகப்போகிறவள். அங்கே எதிஸலாத்தும் வராது, அம்மாவும் வரமாட்டார்.

2020 மார்ச்சில் வகுப்புகள் வீட்டுக்கு வந்தபோது, ஜூமையும் டீம்ஸையும் அரசே திறந்துவிட்டது. இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கையிலும் நாள் முழுக்கத் திரை இருந்தது. அதற்குப் பிறகு ‘போன் கொடுக்கலாமா’ என்ற கேள்விக்கே பொருளில்லை; எந்த வயதில், எந்த அறையில், எத்தனை மணிவரை, யாரோடு என்பதே கேள்வி. சின்ன வயதில் கட்டுப்பாடு இறுக்கமாக இருக்கட்டும்: கூடத்தில் திரை, இரவில் போன் பெற்றோரிடம், தெரியாதவரோடு விளையாட்டும் அரட்டையும் இல்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆண்டுதோறும் தளர வேண்டும். எதைத் தேடினாய் என்று உளவு பார்ப்பதைவிட, என்ன படித்தாய் என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்கலாம். முவைலாப் பெற்றோர் இன்றிரவே செய்யக்கூடியது ஒன்று உண்டு: முதலில் உங்கள் போனில் இருக்கும் விபிஎன்னை எடுத்துவிடுங்கள், ஊருக்குப் பேச அனுமதிக்கப்பட்ட செயலிகள் இப்போது இருக்கின்றன.